விண்கல் பொழிவைப் பார்க்க ஏற்ற இரவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தாலே, மணிக்கு 150 எரிநட்சத்திரங்கள் வரை பார்க்கலாம் என்ற செய்தி நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அதை நம்பி மொட்டை மாடிக்குப் போகிறவர்களில் பலர், அரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, ஒன்றோ இரண்டோ கண்டுவிட்டு, செய்தியே பொய் என்ற முடிவோடு கீழே இறங்கிவிடுகிறார்கள். அந்த எண் பொய்யன்று. ஆனால் அது சில நிபந்தனைகள் முழுமையாக நிறைவேறிய வானத்துக்காகக் கணக்கிடப்பட்டது. செய்தியில் எண் மட்டும் வருகிறது, நிபந்தனைகள் விடுபட்டுப் போகின்றன. அவை என்னென்ன என்பதையும், அவற்றில் எவை நம் கையில் இருக்கின்றன என்பதையும் அறிந்தவர், நம் வானத்தில் எத்தனை தெரியும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணித்துவிட முடியும். டிசம்பரில் வரும் ஜெமினிட்ஸ் பொழிவை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்குகிறேன்.

சூரியனைச் சுற்றிவரும் வால்நட்சத்திரங்களும் சில சிறுகோள்களும் தம் பாதை நெடுகத் துகள்களை உதிர்த்துச் செல்கின்றன. பூமி தன் ஆண்டுச் சுற்றில் அந்தத் துகள் ஓடையைக் கடக்கும்போது, பெரும்பாலும் மணல் பருமனே உள்ள அத்துகள்கள் வளிமண்டலத்துக்குள் பாய்ந்து, தரையிலிருந்து ஏறக்குறைய 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து அழிகின்றன. ஜெமினிட்ஸ் துகள்களின் மூலம் பேதான் என்ற சிறுகோள். 1983-ஆம் ஆண்டில் விண்வெளித் தொலைநோக்கி ஒன்று எடுத்த படங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பூமி அந்த ஓடையை ஒவ்வோர் ஆண்டும் தன் பாதையின் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கடக்கிறது. ஆகவே பொழிவின் நாளும் பெரிதாக மாறுவதில்லை. சூரியன் நட்சத்திரங்களிடையே நிற்கும் இடத்தைக் கொண்டே தமிழ் மாதங்கள் கணக்கிடப்படுவதால், நம் நாட்காட்டியில் இவற்றை நினைவில் வைத்துக்கொள்வது எளிது: ஜெமினிட்ஸ் கார்த்திகைக் கடைசியில் வரும், ஆகஸ்டின் பெர்சீட்ஸ் ஆடிக் கடைசியில் வரும், மே மாதத்து ஈட்டா அக்வாரிட்ஸ் சித்திரை 22, 23-ஐ ஒட்டி வரும்.

மணிக்கு 150 என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு பொழிவின் எரிநட்சத்திரங்கள் எல்லாம் வானத்தின் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவது போலத் தோன்றும். அந்தப் புறப்பாட்டுப் புள்ளி நேர் உச்சியில் இருக்க வேண்டும், வானத்தில் 6.5 ஒளித்தரமுள்ள மங்கிய நட்சத்திரம் வரை வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேகமோ மரமோ கட்டடமோ பார்வையை மறைக்கக் கூடாது. இந்த மூன்றும் கூடிய இடத்தில், உச்ச நேரத்தில், ஒரே ஒருவர் ஒரு மணி நேரத்தில் காணக்கூடிய எண்ணிக்கையே அது. ஒளித்தரம் என்பது நட்சத்திரத்தின் பிரகாசத்தைக் குறிக்கும் அளவு. எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கும். துருவ நட்சத்திரத்தின் ஒளித்தரம் ஏறக்குறைய 2. மிக இருண்ட வானத்தில் நல்ல கண்ணுக்கு எட்டும் எல்லை 6.5.

முதலில் புறப்பாட்டுப் புள்ளியின் உயரம். ஜெமினிட்ஸின் புள்ளி மிதுன ராசியில், நாம் புனர்பூசம் என்று சொல்லும் இரட்டை நட்சத்திரங்களுக்கு அருகில் இருக்கிறது. டிசம்பர் 14 அன்று சென்னையில் அது மாலை ஏழரை மணி வாக்கில் வடகிழக்கில் எழுகிறது. இரவு 10 மணிக்கு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 32 பாகை, நள்ளிரவில் 56 பாகை, அதிகாலை 2 மணிக்கு 70 பாகை என உயர்ந்து, பிறகு மேற்கே சாயத் தொடங்குகிறது. புள்ளி தாழ்வாக இருக்கும்போது துகள்கள் வளிமண்டலத்தின் மீது சாய்வாக விழுந்து, பரந்த பரப்பில் சிதறிப்போவதால், நம் தலைக்கு மேலுள்ள பகுதிக்குக் குறைவானவையே கிடைக்கின்றன. கணக்கு எளியது: உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். 32 பாகைக்கு அது 0.53, 56 பாகைக்கு 0.83, 70 பாகைக்கு 0.94. இரவு 10 மணிக்குப் பார்ப்பவருக்கு, வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், பாதிதான் கிடைக்கும். மாலை ஏழு மணிக்கே பார்த்துவிட்டு உறங்கப் போகிறவருக்கு அநேகமாக எதுவும் கிடைக்காது.

ஜெமினிட்ஸ் இந்த வகையில் நமக்குச் சலுகை காட்டும் பொழிவு. மற்றவற்றில் பல விடியற்காலையில்தான் சிறக்கும். பூமி தன் பாதையில் முன்னேறிச் செல்லும் திசையை நோக்கியிருப்பது பின்னிரவுப் பக்கம். ஓடும் பேருந்தின் முன்கண்ணாடியில் பின்கண்ணாடியைவிட அதிக மழைத்துளி அறைவது போல, அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துகள்கள் எதிர்கொண்டு வருகின்றன. நவம்பரின் லியோனிட்ஸ் வினாடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதற்கும், ஜெமினிட்ஸ் 35 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகச் செல்வதற்கும் காரணம் இந்த எதிர்கொள்ளலின் அளவில் உள்ள வேறுபாடுதான். பொதுவாக, எந்தப் பொழிவாக இருந்தாலும் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்லது. முன்னிரவிலேயே ஓரளவு பலன் தரும் பெரிய பொழிவு என்று ஜெமினிட்ஸை மட்டும் சொல்லலாம்.

அடுத்தது நிலா. இதற்குத் தினசரி நாட்காட்டியில் உள்ள திதியைப் பார்த்தாலே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள்கள் இரவின் பெரும்பகுதி நிலவற்றதாக இருக்கும். வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டி மறைகிறது. தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டி எழுகிறது. விடியற்காலைப் பொழிவுகளைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். வளர்பிறை தசமி வரைகூட அவர்களுக்குக் கவலையில்லை, ஏனெனில் அவர்கள் எழுந்து வருவதற்குள் நிலா மறைந்துவிடும். தேய்பிறையிலோ, சரியாக அவர்கள் பார்க்க வேண்டிய நேரத்தில் நிலா மேலே நிற்கும். பாதி நிலாவைக் கண்டு பாதி இழப்பு என்று அஞ்சிவிடவும் வேண்டாம். பாதி நிலா தரும் வெளிச்சம் முழுநிலா தருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாள்கள்தான் உண்மையான தடை. அந்த நாள்களில் நல்ல கிராமத்து வானமும் நகரத்து வானம் போல ஆகிவிடுகிறது.

நகர வெளிச்சத்தின் பங்கைப் பெரும்பாலோர் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஒரு பொழிவில் பிரகாசமான எரிநட்சத்திரங்கள் சிலவும் மங்கியவை மிகப் பலவும் இருக்கும். வானம் வெளுக்கும்போது முதலில் மறைவது அந்த மங்கிய கூட்டம்தான். ஜெமினிட்ஸில் ஒளித்தரத்தில் ஒரு படியை இழக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறக்குறைய 2.6-ஆல் வகுபடுகிறது. அதிகாலை 2 மணிக்குச் சென்னையின் கோண அளவை வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், 6.0 ஒளித்தரம் வரை தெரியும் நல்ல கிராமத்தில் மணிக்குச் சுமார் 87 எரிநட்சத்திரங்கள் தெரியக்கூடும். 5.0 வரை தெரியும் சிற்றூர் எல்லையில் அது 34 ஆகிறது, 4.0 வரை தெரியும் புறநகரில் 13, 3.5-க்கு மேல் எதுவும் தெரியாத பெருநகர நடுவில் 8. அதே 8-ஐ இரவு 10 மணிக்குப் பார்த்தால் நாலைந்து. நான்கு பக்கமும் அடுக்குமாடிகள் வானத்தின் பாதியை மறைத்தால் இரண்டு. மொட்டை மாடிக்காரர் கண்டது செய்திக்கு முரணானதன்று. அவர் நின்ற இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய எண்ணைத்தான் அவர் கண்டார்.

உங்கள் வானம் இவற்றில் எந்த வகை என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. டிசம்பர் இரவில் பத்து மணி வாக்கில் தலைக்கு மேல் நிற்கும் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள். அதன் ஆறு பிரகாசமான நட்சத்திரங்களில் ஆறாவதன் ஒளித்தரம் 4.3. ஆறையும் தனித்தனியே எண்ண முடிந்தால் உங்கள் வானம் 4.3-ஐத் தாண்டியது, எட்டு வரை எண்ண முடிந்தால் அது 5.4-ஐ எட்டிவிட்டது என்று கொள்ளலாம். கூட்டமே ஒரு மங்கிய புகைத்திட்டாகத் தெரிந்தால், வேறு இடம் தேட வேண்டும். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துக்குக் கிழக்கே பால்வீதியின் மெல்லிய பட்டை கண்ணுக்குப் புலப்படுமானால், அதைவிட நல்ல இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தச் சோதனையை உச்ச நாளுக்குக் காத்திராமல், ஒரு வாரம் முன்பே செய்துபார்ப்பது நல்லது.

எங்கே போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களிடம் ஏற்கெனவே விடை இருக்கிறது: சொந்த ஊர். தெருவிளக்கு எட்டாத களத்துமேடு, ஏரிக்கரை, வயலோர மோட்டார் கொட்டகையின் கூரை ஆகியவை எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் குறைந்தவையல்ல. பெருநகரிலிருந்து குறைந்தது 40, 50 கிலோமீட்டர் விலகி இருப்பதும், கண்ணில் நேராக விழும் விளக்கு ஒன்றுகூட இல்லாதிருப்பதும் முக்கியம். தொலைவிலுள்ள நகரத்தின் வெளிச்சக் கூம்பு முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு அமர்ந்துகொண்டால் அதன் தீங்கு ஓரளவு குறையும். மலைப்பகுதிகளில் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இந்தியாவின் முன்னணி வானியலாளரான வைணு பாப்பு, இருண்ட வானத்தைத் தேடி அந்த மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வான் ஆய்வகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவருகிறது. தெற்கு வானத்தையும் வடக்கு வானத்தையும் ஒருங்கே பார்க்க உதவும் அகலக்கோடு என்பதும் அந்த இடத்தின் நிறைகளில் ஒன்று. ஆனால் காப்புக் காடுகளுக்குள் இரவில் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம், யானை நடமாடும் பகுதிகளில் உயிருக்கே ஆபத்து. மலையடிவாரக் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டு முற்றம் கிடைத்தால் அதுவே போதும்.

இனி, நம் கையில் இல்லாத ஒன்று: மேகம். தமிழ்நாட்டில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது. அக்டோபரின் ஓரியானிட்ஸ், நவம்பரின் லியோனிட்ஸ், டிசம்பரின் ஜெமினிட்ஸ் மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குள்தான் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான். டிசம்பர் நடுப்பகுதியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருந்தால் கடலோர மாவட்டங்களில் பொழிவைப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற உள்மாவட்டங்களில் மழை குறைவு என்பதால் வாய்ப்பு சற்று மிஞ்சும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் இன்சாட் செயற்கைக்கோள் படங்களை மாலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் பார்த்து, மேகக் கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரவில் பயன்படுவது அகச்சிவப்புப் படம் மட்டுமே. அதிலும் ஒரு குறை உண்டு: தரையின் வெப்பநிலைக்கு நெருக்கமான வெப்பநிலை கொண்ட தாழ்ந்த மேகமும் மூடுபனியும் அதில் சரியாகப் புலப்படா. ஆகவே படம் தெளிவாக இருப்பதாலேயே வானமும் தெளிவாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது.

மழைக்காலத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. நல்ல மழை பெய்து ஓய்ந்து மேகம் விலகிய இரவில், காற்றிலிருந்த தூசியும் புகையும் கழுவப்பட்டுப் போயிருப்பதால் வானம் கோடைக்கால இரவுகளில் காணக் கிடைக்காத தெளிவோடு இருக்கும். இந்தத் தெளிவைப் பகலிலேயே சோதிக்கலாம். ஒரு கட்டடத்தின் விளிம்பு சூரியனை முழுவதும் மறைக்கும்படி நிழலில் நின்றுகொண்டு, சூரியனை நேராகப் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள வானத்தைக் கவனியுங்கள். நீலம் விளிம்புக்கு அருகில்வரை அடர்த்தியாக இருந்தால் காற்று தூய்மையானது. பெரிய வெண்ணிற ஒளிவட்டம் படர்ந்திருந்தால் தூசியோ ஈரப்பதமோ மிகுந்திருக்கிறது, அன்றிரவு நகர வெளிச்சம் மேலும் பரவும். தீபாவளியை ஒட்டிய இரவுகளை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 அன்றும் ஓரியானிட்ஸ் உச்சம் அக்டோபர் 21-ஐ ஒட்டியும் வந்தன. அமாவாசைக் காலமாதலால் நிலாவின் தொல்லை இல்லை, ஆனால் வாணவேடிக்கைப் புகை தங்கிய ஊர்களில் அந்த நற்பேறு வீணாகியிருக்கும்.

மேகத்தின் நிச்சயமின்மையை ஈடுகட்ட ஒரு வழி இருக்கிறது: ஒரே நாளை நம்பியிராதிருத்தல். ஜெமினிட்ஸ் உச்சத்துக்கு முந்தைய இரவும் பயனுள்ளது; உச்சம் கடந்தபின் எண்ணிக்கை விரைவாகச் சரிவதால், சந்தேகம் வந்தால் முந்திய இரவையே தேர்ந்தெடுங்கள். பெர்சீட்ஸ் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நீள்வதால் உச்சத்தின் இரு புறமும் ஓரிரு நாள்களை எடுத்துக்கொள்ளலாம். ஜனவரி 3, 4-ஐ ஒட்டி வரும் குவாட்ரான்டிட்ஸ் மட்டும் இதற்கு இடங்கொடாது. அதன் உச்சம் சில மணி நேரமே நீடிக்கிறது, அந்தச் சில மணி நேரம் நம் பகலில் அமைந்துவிட்டால் அந்த ஆண்டு நமக்கு அது இல்லை. மேகம் மூடிய உச்ச இரவைவிட, அதை ஒட்டிய தெளிந்த இரவு பல சமயம் அதிகம் தரும் என்பதே என் துணிபு.

இவ்வளவு பொருத்தமும் கூடிவந்த பிறகு, கண்ணைத் தயார் செய்யாததால் அதை இழப்பவர்கள் உண்டு. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமி மெல்ல மெல்லவே சேர்கிறது. கைப்பேசித் திரையை ஒரு முறை பார்த்தால் அது சிதைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடப்பதற்கும் பாம்பு, தேள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் விளக்கு கட்டாயம் வேண்டும். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொண்டால் கண்ணின் பழக்கம் கெடாது. தொலைநோக்கியும் இருகண்நோக்கியும் வானத்தின் ஒரு துண்டை மட்டுமே காட்டுவதால் இதற்குப் பயன்படா. கயிற்றுக்கட்டிலிலோ பாயிலோ மல்லாந்து படுத்துக்கொண்டு, புறப்பாட்டுப் புள்ளியையே உற்றுப் பார்க்காமல், அதிலிருந்து 40, 50 பாகை தள்ளி வானம் மிக இருண்டிருக்கும் பகுதியை நோக்குங்கள். புள்ளிக்கு அருகில் தோன்றுபவை குட்டையாகவும், தள்ளித் தோன்றுபவை நீண்ட கோடாகவும் தெரியும். எரிநட்சத்திரங்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. பத்து நிமிடம் ஒன்றும் இல்லாமல், பிறகு அடுத்தடுத்து மூன்று வருவது இயல்பு என்பதால், குறைந்தது ஒரு மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். டிசம்பர் பனி ஈரத்துக்குப் போர்வையும் தலைக்கு ஒரு துண்டும், கொசுவுக்கு ஏதேனும் ஒரு தடுப்பும் இல்லாமல் அந்த ஒரு மணி நேரத்தைக் கழிப்பது கடினம்.

இந்த அளவுகோல்களை வைத்துக்கொண்டு வரும் ஆண்டுகளைப் பார்ப்போம். 2026-இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12 அன்று வருகிறது. பெர்சீட்ஸ் உச்சம் 13-ஆம் தேதி விடியற்காலையை ஒட்டி அமைகிறது. சென்னையில் நாலரை மணிக்கு அதன் புறப்பாட்டுப் புள்ளி 40 பாகையைச் சற்றுத் தாண்டியிருக்கும். ஐரோப்பியர்களுக்குக் கிடைக்கும் உயரம் நமக்குக் கிடைக்காது என்றாலும், நிலவின்மையால் விழித்திருக்கத் தகுந்த இரவு அது. அதே ஆண்டு டிசம்பர் 9 அமாவாசை. ஆகவே 13, 14 ஆகிய இரு இரவுகளிலும் இளம்பிறை நிலா இரவு 11 மணிக்குள் மறைந்து, ஜெமினிட்ஸின் சிறந்த நேரம் முழுவதும் இருட்டாகவே இருக்கும். மேகம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

2027 டிசம்பரில் நிலைமை தலைகீழ். 13-ஆம் தேதி முழுநிலா, அதுவும் கார்த்திகை மாத முழுநிலாவாதலால் மிதுனத்துக்கு அருகிலேயே நிற்கும். அந்த ஆண்டு ஜெமினிட்ஸுக்காகப் பயணம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, நம் மக்கள் அதிகம் கவனிக்காத ஈட்டா அக்வாரிட்ஸை நாடலாம். ஹாலி வால்நட்சத்திரம் உதிர்த்த துகள்கள் அவை; வினாடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சில சமயம் வந்த தடத்தில் ஓரிரு வினாடி ஒளிக்கோட்டையும் விட்டுச் செல்லும். மணிக்கு 50 என்ற அதன் அறிவிப்பு எண் ஜெமினிட்ஸுக்கு முன்னால் சிறியதாகத் தெரியலாம். ஆனால் அதன் புறப்பாட்டுப் புள்ளி வான நடுக்கோட்டை, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் கோட்டை, ஒட்டியிருப்பதால், வட ஐரோப்பாவில் விடியும் முன் அடிவானத்தை விட்டு மேலெழவே தடுமாறும் அது, சென்னையில் இரவு இரண்டு மணிக்கு முன்பே எழுந்து நாலரை மணிக்குள் 40 பாகையை எட்டிவிடுகிறது. மே மாதத் தொடக்கத்தில் பருவமழையும் இல்லை. 2027-இல் மே 6-ஐ ஒட்டி அமாவாசையும் வருகிறது. 5, 6, 7 ஆகிய மூன்று விடியற்காலைகளிலும் மூன்று மணிக்கு எழுந்து கிழக்கு நோக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்கு மேல் விடியலின் வெளிச்சம் பரவத் தொடங்கிவிடும் என்பதால் அந்த ஒன்றரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள்.